கித்தேரியம்மாளைத் தண்ணீர் தொடாத ஆறு மாதம்

பரலோக மாதா திருநாள் முடிந்து கொடியிறக்கின நான்காம் நாள், காலைப் பூசைக்கு வந்த கித்தேரியம்மாள், சலங்குத்துறைக் கோயில் வாசலில் இருக்கிற தீர்த்தத் தொட்டிக்குள் வழக்கப்படி விரலை முக்கி எடுத்தாள்; எடுத்த விரல் போனபடியே காய்ந்து வெளியே வந்தது. தண்ணீர் தீர்ந்துபோயிற்றோ என்று குனிந்து பார்த்தால் தொட்டி ததும்ப நிற்கிறது. கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டாள், வளையல் நனைந்தாலும் நனையட்டும் என்று முழங்கை வரைக்கும் விட்டாள், தண்ணீர் அவள் கையைச் சுற்றி ஒரு நூல் இடம் விட்டு ஒதுங்கி நின்றது, கையை எடுத்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி சேர்ந்துகொண்டது. பின்னால் இரண்டு பேர் தீர்த்தம் எடுக்கக் காத்து நின்றார்கள். அதனால் கித்தேரியம்மாள் காய்ந்த விரலாலேயே சிலுவை போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கம் முதல் வரிசையில் தன்னுடைய இடத்தில் போய் முழங்காலிட்டாள்.

வேறொருத்தி என்றால் அலறியிருப்பாள். கித்தேரியம்மாள் அலறுகிற ஆள் இல்லை, மற்றவர்களை அலறவைக்கிற ஆள். ஐம்பத்தொரு வயது, கருவாட்டு வியாபாரம், வள்ளத்துக்குப் போகிற ரொசாரி என்கிற வாய் பேசாத புருஷன், கட்டிக்கொடுத்து அனுப்பின இரண்டு மகள்கள். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, பூசையில் அப்பம் வாங்குகிற முதல் நன்மைக்குத் தயார் பண்ணுகிறவள் என்பதால் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமலே ஊருக்கு அவள் டீச்சர். திருநாளுக்குத் திருநாள் மாதா சுரூபத்துக்கு நீலப் போர்வை சாத்துகிற உரிமையும் அவளுக்குத்தான், அந்த உரிமையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அன்றைக்கு அந்தத் தெருவில் மீன்கூட விலை போகாது.

வீட்டுக்கு வந்து அடிபம்பில் தலையைக் கொடுத்தாள், தண்ணீர் தலையில் விழுந்து தோளில் விழுந்து தரைக்குப் போயிற்றே தவிர ஒரு முடி நனையவில்லை. குளியலறையில் மூன்று வாளி ஊற்றிப் பார்த்துவிட்டு, கட்டின சேலை மடிப்புக் கலையாமல் வெளியே வந்தாள். ரொசாரி ஒரு நிமிஷம் அவளை உற்றுப் பார்த்தார், கொடியில் கிடந்த துண்டைப் பார்த்தார், இன்றைக்குக் குளிக்கலையா என்று கேட்டார். குளிச்சாச்சு என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கித்தேரியம்மாள் யாரிடமும் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. அவளுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம், ஊர்க் கமிட்டி முழுக்கக் கூடி நிற்க, மாதா பீடத்தில் வலது கையை வைத்து அவள் பண்ணின சத்தியம் பொய்ச் சத்தியம்.

நடந்தது இதுதான். திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் நீலப் போர்வையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஜரிகை பூப்போட்ட போர்வை, நாலு தலைமுறைக்கு முன்னால் கொழும்புக்குப் போய்ச் சம்பாதித்த ஊர்க்காரர்கள் கொடுத்தது. பூக்காரன் செவ்வந்திக்குப் பதிலாக வாடாமல்லியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை, இஸ்திரிப் பெட்டியை வைத்தது வைத்தபடி வெளியே ஓடி, அவனை நிற்கவைத்துக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தால் போர்வை நடுவில் முறம் அளவுக்கு ஓட்டை, அறை முழுக்கப் புகை, கோயில் கூட்டுகிற மெட்டில்டா வாளியோடு ஓடிவந்து தண்ணீரை ஊற்றி அணைத்துக்கொண்டு நிற்கிறாள். பின்னாலேயே கமிட்டித் தலைவர் தொபியாஸும் நாலு பேரும் வந்துவிட்டார்கள். யார் இதைப் பண்ணினது என்று தொபியாஸ் கேட்டார். கித்தேரியம்மாள் வாயிலிருந்து மெட்டில்டா என்று வந்துவிட்டது.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைத்துப் பார்த்தால் பதற்றத்தில் சொன்னது என்று தள்ளலாம். ஆனால் நடுவில் நாலு நாள் இருந்தது. திருநாள் கழியட்டும், பிறகு விசாரிக்கலாம் என்று கமிட்டி ஒத்திப்போட்ட அந்த நாலு நாளும் கித்தேரியம்மாள் சாப்பிட்டாள், தூங்கினாள், யோசித்தாள், தெரிந்தே போய்க் கையை வைத்தாள். சலங்குத்துறையில் மாதா பீடத்தில் கை வைத்துச் சொன்னால் அதற்குமேல் சாட்சி கிடையாது, போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது, அதுதான் தீர்ப்பு. மெட்டில்டாவும் கை வைக்கிறேன் என்றாள், டீச்சர் சத்தியம் பண்ணின இடத்தில் இன்னொருத்தி கை வைப்பதா என்று விடவில்லை. கோயில் வேலை போயிற்று, ஊர்விலக்கும் போட்டார்கள். புருஷன் இல்லாத மெட்டில்டா, வளர்ந்த மகள் ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு, இரண்டு சாக்கில் சாமானைக் கட்டி, பஸ் ஏறி இருபது கிலோமீட்டர் தள்ளி உப்பளத்துக் குடிசைக்குப் போய்விட்டாள். அந்த ஜெசிந்தாவுக்கு முதல் நன்மை மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்ததும் கித்தேரியம்மாள்தான்.

சாவான பாவத்துக்கு மூன்று காரியம் வேண்டும் என்று அவள் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லுவாள், சொல்லும்போது மூன்று விரலை மடக்குவாள்: காரியம் கனமானதாக இருக்கணும், அது பாவம் என்று முழுசாகத் தெரிந்திருக்கணும், முழு மனசோடு சம்மதித்துச் செய்யணும். மூன்றும் சேர்ந்தால் ஞானஸ்நானத்தில் ஆத்துமத்துக்குள் வந்த தேவ இஷ்டப்பிரசாதம் அந்த நிமிஷமே போய்விடும், அப்புறம் நீ ஜெபம் சொன்னாலும் தர்மம் செய்தாலும் ஓட்டைப் பானையில் ஊற்றின கதைதான், அந்த நிலையில் செத்தால் நேரே நரகம். இப்படிப் பாடம் நடத்தினவள் எனக்குத் தெரியாது சாமி என்று எந்த வாயால் சொல்லுவாள்? தண்ணீரில் வந்தது தண்ணீரோடு போயிற்று என்பதைக் கித்தேரியம்மாள் அன்றைக்கே புரிந்துகொண்டாள், புரிந்துகொண்டதும் அடுத்த வேலையைப் பார்த்தாள்.

பாவசங்கீர்த்தனக் கூண்டு கோயிலின் இடது பக்கத்தில் அவள் முழங்காலிடுகிற இடத்திலிருந்து பத்து அடி தூரம்கூட இல்லை. போயிருக்கலாம்தான். ஆனால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவதோடு கதை முடியாது, எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று சாமியார் சொல்லுவார், அவள் எடுத்தது ஒருத்தியின் பேரை, அதைத் திருப்பிக் கொடுப்பதென்றால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். அதற்கு அவள் தயாரில்லை. தபசு காலம் வரட்டும், ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிடலாம் என்று தவணை போட்டாள். நடுவில் லாரி கீரி மோதினால்? அதற்கும் வழி வைத்திருந்தாள், சாகப்போகிற நிமிஷத்தில் பாவத்துக்காக மனசார வருந்துகிற உத்தம மனஸ்தாபம் ஒன்று பண்ணிக்கொண்டால் போதும், மந்திரம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும், அரை நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்க வருமா என்று கருவாடு காய வைக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள், இருபத்தாறு வினாடியில் முடித்தாள். கடவுளிடமே நேரம் பார்த்துக் கணக்குப் பண்ணுகிற தைரியம் எல்லோருக்கும் வராது.

இரண்டரை மாதம் யாருக்கும் தெரியவில்லை. கல்லறைத் திருநாள் அன்றைக்குத் தெரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஊரே மெழுகுதிரியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது, சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருகிறார், ஐப்பசி மழை சொல்லாமல் கொள்ளாமல் கொட்டித் தீர்த்தது. ஆயிரம் திரியும் ஒரே மூச்சில் அணைந்தன. சாமியாரின் புத்தகம் நனைந்தது, பெண்களின் முக்காடு நனைந்தது, தொபியாஸின் மீசைச் சாயம் கழுத்து வழியாக இறங்கிற்று. தன் தாயார் கல்லறைக்கு முன்னால் நின்ற கித்தேரியம்மாளின் கையில் மட்டும் திரி எரிந்துகொண்டிருந்தது. மழை அவளைச் சுற்றி விழுந்தது, அவள்மேல் விழவில்லை. பவுடர் பூசின முகத்தில் பவுடர் கலையவில்லை.

முதலில் பார்த்தவள் பாடகர் குழு சலேத்மேரி, அவள் பார்த்தால் பத்துப் பேர் பார்த்த மாதிரி. ஐந்து நிமிஷத்தில் கல்லறைத் தோட்டம் மொத்தமும் கித்தேரியம்மாளைச் சுற்றி முழங்காலில் நின்றது. செங்கடல் மோயீசனுக்கு ஒதுங்கின கதையை அந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான், இப்போது அதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னார்கள். கடல் தண்ணீரில் பிறந்து, கடல் தண்ணீரில் பிழைத்து, வருஷத்துக்கு ஒருவரையாவது கடல் தண்ணீருக்குப் பறிகொடுக்கிற சனம் அது. தண்ணீர் ஒருத்தியைப் பார்த்து ஒதுங்குகிறது என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, வேறு அர்த்தம் இருக்கலாம் என்று யாரும் கனவில்கூட நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு சலங்குத்துறை அந்த அதிசயத்தோடு பழகிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்லவேண்டும். வள்ளத்துக்காரர்கள் முன்முனை அணியத்தில் மாதா படத்துக்குக் கீழே கித்தேரியம்மாள் படத்தை ஒட்டினார்கள், ஒட்டின வள்ளத்தில் தண்ணீர் ஏறாது என்றார்கள், ஏறின வள்ளத்துக்காரனிடம் பசை சரியில்லை என்றார்கள். ஓட்டு வீடு ஒழுகுகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் நடுவீட்டில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். கமிட்டி அவள் வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டு மைக் கட்டிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து வேன் வந்தது, வந்தவர்கள் தங்கள் கண்ணால் பார்க்கவேண்டும் என்று கேட்டால் சலேத்மேரி ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து டீச்சர் தோளில் ஊற்றிக் காண்பிப்பாள், தண்ணீர் வழிந்து ஓட, சனங்கள் அந்தத் தண்ணீரைக் கீழே குவளை வைத்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆறு மாதமாகக் குளிக்க வழியில்லாத கித்தேரியம்மாள் வாரத்துக்கு இரண்டு டின் பவுடர் தீர்த்தாள், அந்த வாசனையைத்தான் சனங்கள் மோட்ச வாசனை என்று மூச்சை இழுத்து அனுபவித்தார்கள். ரொசாரி மட்டும் கடற்கரையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பொய் சொல்லவேண்டாம், கித்தேரியம்மாளுக்கு அது பிடித்திருந்தது. கும்பிட்ட கைகளுக்கு நடுவே நடந்துபோகும்போது அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. ஒரு காரியத்தில் மட்டும் அவள் கறாராக இருந்தாள்: பூசையில் சாமியார் கொடுக்கிற நன்மை அப்பத்தை வாங்கப் போகவில்லை. சாவான பாவத்தோடு நன்மை வாங்கினால் அது தேவ துரோகம், ஒரு பாவத்தின்மேல் இன்னொன்றை அடுக்க அவள் சம்மதிக்கவில்லை. எல்லோரும் வரிசையில் போக அவள் பெஞ்சிலேயே இருந்தாள். அதைப் பார்த்த ஊர், தான் பாத்திரவதி இல்லை என்று எவ்வளவு தாழ்ச்சி பார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. புதிதாக வந்த வியான்னி சாமியார் சின்ன வயசுக்காரர், அவர் மட்டும் வரிசையில் அவள் இல்லாத இடத்தைப் பார்ப்பார், கூண்டைப் பார்ப்பார். ஆயரின் மேற்றிராசனத்துக்கு எழுதுங்கள் என்று கமிட்டி கேட்டபோது, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நாலு தடவை சொல்லிவிட்டார்.

ஆனால் தாகம் இருந்தது. தண்ணீர் குடித்தாள், தொண்டைக்குள் இறங்கிற்று, தாகம் அப்படியே நின்றது. இளநீர் குடித்தாள், பானகம் குடித்தாள், நாக்கு காய்ந்துதான் கிடந்தது. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் முன்பெல்லாம் இரண்டாவது பத்துக்குள் மனசு இறங்கி உட்காரும், இப்போது ஐம்பத்து மூன்று மணியும் உருண்டதுதான் மிச்சம், அந்தப் பக்கத்தில் கேட்கிறதற்கு ஆள் இல்லாத டெலிபோனில் பேசின மாதிரி இருந்தது. மூத்த மகளுக்கு மூன்றாவது பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை என்று செய்தி வந்தது, நெஞ்சு வெடிக்க அழுதாள், கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. மகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உனக்கு அழுகையே வரலையாம்மா என்று கேட்டாள். கித்தேரியம்மாளுக்குத் தான் தனியாக விடப்பட்டிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

தை மாதக் கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். கூட்டத்தோடு கும்பிட வந்தவள் இல்லை, தனியாகப் பேசவேண்டும் என்று உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். அவளுடைய மகன் உப்பு லாரி ஓட்டுகிறவன், உப்பளத்தில் வேலை பார்க்கிற ஜெசிந்தாவைப் பார்த்துக் கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். பெண் குணமான பெண்தான், ஆனால் தாய்க்காரி மாதா போர்வையை எரித்துவிட்டு இல்லை என்று சாதித்தவள் என்று சொல்லுகிறார்கள், அப்படிப்பட்ட இடத்தில் சம்பந்தம் பண்ணினால் குடும்பத்துக்கு ஆகுமா என்று ஒரு பயம்.

"மாதா பீடத்துல கை வச்சு நீங்க சொன்னதா கேள்விப்பட்டேன், டீச்சர். மத்தவுக சொன்னா நான் யோசிப்பேன். தண்ணி ஒதுங்குத உடம்பு உங்க உடம்பு, நீங்க சொன்னா அது தேவ வாக்கு. ஒரு வார்த்தை உங்க வாயால கேட்டுட்டுப் போயிருதேன்."

 கித்தேரியம்மாளுக்கு, தனக்குத் தண்டனையாக வந்த வறட்சியை எடுத்துக் கயிறாக முறுக்கி அந்தப் பிள்ளையின் கழுத்தில் கட்டுகிறார்களே என்று கோபம் வந்தது, யார்மேல் கோபப்படுவது என்று பார்த்தால் அங்கே அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. தபசு காலத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தவணை கிவணை எல்லாம் அந்த இடத்திலேயே அவளுக்கு மறந்துபோயிற்று.

"மெட்டில்டா ஒண்ணும் அறியாதவ. போர்வையை எரிச்சது நான். பொய்ச் சத்தியம் பண்ணினதும் நான்தான்" என்றாள்.

அந்த அம்மாள் வாயைப் பிளந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் கண்ணில் தண்ணீர் கோத்தது. எழுந்து வந்து கித்தேரியம்மாளின் இரண்டு கையையும் பிடித்து உதட்டில் வைத்து முத்தி செய்தாள். அடுத்தவள் பாவத்தையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளுகிறவர்கள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்களே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இல்லையம்மா, நிசம்தான் என்று கித்தேரியம்மாள் கத்தினாள், கத்தக் கத்த அந்த அம்மாளின் விசுவாசம் கூடிக்கொண்டே போயிற்று. புனிதவதி இவ்வளவு பாடுபட்டு மறைக்கப் பார்க்கிறாள் என்றால் அந்த மெட்டில்டா எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கவேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டு போய், அந்த வாரமே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். விஷயம் ஊருக்குள் பரவினதும் கொட்டகையில் இன்னொரு மைக் கட்டினார்கள்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று கித்தேரியம்மாள் நினைத்திருந்தாள், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிற பொருளாக அதை நினைத்திருந்தாள். இப்போது எடுத்தால் செல்லவில்லை. அவள் வாயிலிருந்து வருகிற உண்மைகூடப் பொய்க்கே போய் வேலைசெய்தது. சனிக்கிழமை மத்தியானம் கொட்டகையில் ஆட்கள் காத்திருக்க, பின்வாசல் வழியாக இறங்கிக் கோயிலுக்கு நடந்தாள், நடக்கிற வழியில் ஒரு தடவைகூடக் கடிகாரத்தை நினைக்கவில்லை.

கூண்டுக்குள் வியான்னி சாமியார் உட்கார்ந்திருந்தார். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு, பாவசங்கீர்த்தனம் பண்ணி ஏழு மாதமாகிறது என்று தொடங்கி, ஒன்றுவிடாமல் சொன்னாள். பூக்காரனைத் திட்டினதைச் சொன்னாள், போர்வையைச் சொன்னாள், நாலு நாள் யோசித்ததைச் சொன்னாள், சத்தியத்தைச் சொன்னாள், தன் படத்தை வள்ளத்தில் ஒட்டவிட்டதைச் சொன்னாள், கும்பிட்டபோது சந்தோஷப்பட்டதைச் சொன்னாள். நரகத்துக்குப் பயந்து வந்தீர்களா என்று சாமியார் கேட்டார். அந்தப் பயம் இருக்கிறது, ஆனால் அதற்காக வரவில்லை என்றாள். ஆண்டவரைப் பார்க்கிற முகத்தை நானே தொலைத்துவிட்டேன், அவர் இல்லாமல் ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டேன், இனி ஒரு நாள் என்னால் முடியாது என்றாள்.

"கடவுள் பேரால பாவத்தை நான் மன்னிக்கலாம்" என்றார் சாமியார். "அந்தம்மா பேரை என்னால திருப்பிக் கொடுக்க முடியாது. அது உங்க கையில இருக்கு. ஊர் நம்பலைங்கிறது சாக்கு ஆகாது. கொடுக்கிற வரைக்கும் கொடுக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றாள். மனஸ்தாப மந்திரம் சொன்னாள், இருபத்தாறு வினாடியில் சொல்ல வந்த மந்திரம் அன்றைக்குப் பாதி வழியில் நின்று நின்று முடிய நேரமாயிற்று. சாமியார் கையை உயர்த்திப் பாவ விமோசனம் கொடுத்தார். கூண்டைவிட்டு எழுந்தபோது முகம் என்னமோ கூசிற்று, தொட்டுப் பார்த்தால் ஈரம்.

அதற்கப்புறம் கித்தேரியம்மாள் செய்ததைச் சலங்குத்துறை இன்றைக்கும் சொல்லும். கோயில் வாசலிலிருந்து நேரே கடலுக்குப் போனாள், உச்சி வெயிலில், கட்டின சேலையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கினாள். முதல் அலை முழங்காலை நனைத்தது, இரண்டாவது இடுப்பை, மூன்றாவது அவளைத் தலையோடு மூடிற்று. ஆறு மாதப் பவுடரும் அழுக்கும் எண்ணெய்யும் பால் நிறத்தில் கரைந்து போக, உப்புத் தண்ணீர் வாயிலும் மூக்கிலும் ஏற, அவள் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள், வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் டீச்சர் நனையுதாவ, டீச்சர் நனையுதாவ என்று கூப்பாடு போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். ரொசாரி எங்கிருந்தோ ஒரு துண்டைக் கொண்டுவந்து கரையில் நின்றார். கித்தேரியம்மாளுக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல, ஐம்பத்தொரு வயசில் இன்றைக்குத்தான் ஞானஸ்நானம் வாங்கினவள் மாதிரி இருந்தாள்.

ஊருக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கமிட்டி கூடிற்று. தொபியாஸுக்கு முகம் செத்துப்போயிருந்தது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: டீச்சர் இத்தனை நாள் புனிதவதியாகத்தான் இருந்தாள், அந்த மெட்டில்டாமேல் இரக்கப்பட்டு நான்தான் எரித்தேன் என்று பொய் சொன்னாள் பாருங்கள், அந்தப் பொய்யினால் வரம் போயிற்று, தண்ணீர் தொட்டுவிட்டது. அவள் அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு பரிகாரம் பண்ணினால் வரம் ஒருவேளை திரும்ப வரலாம் என்று தொபியாஸ் தன்மையாகச் சொன்னார்.

கித்தேரியம்மாள் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். பழைய கித்தேரியம்மாளேதான், குரல் கடைசித் தெரு வரைக்கும் கேட்டது.

"உள்ள வாங்க எல்லாரும். அதே பீடத்துல, அதே கையை வச்சு, எரிச்சது நான்னு இப்பச் சத்தியம் பண்ணுதேன். அன்னைக்கு மெட்டில்டான்னு பண்ணினேன். ரெண்டு சத்தியத்துல ஒண்ணு பொய். எது பொய்னு நீங்களே எடுத்துக்கிடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. எதை எடுத்தாலும் மாதா பீடத்துல பொய்ச் சத்தியம் பண்ணினவ நான்தான். இப்பச் சொல்லுங்க தொபியாஸ் அண்ணன், பொய்ச் சத்தியக்காரி ஒருத்தி சொல்லைத் தவிர மெட்டில்டாவுக்கு எதிரா வேற என்ன சாட்சி வச்சிருக்கீங்க?"

சொன்னபடியே உள்ளே போய்க் கையை வைத்துச் சத்தியம் பண்ணினாள்.  தொபியாஸ் விரலை விட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எண்ணிப் பார்த்தார், எந்த வழியாகப் போனாலும் ஒரே வீட்டில்தான் போய் நின்றது. அவளைப் புனிதவதி என்று நினைத்தவர்களுக்கும் வழியில்லை, பாவி என்று நினைத்தவர்களுக்கும் வழியில்லை. சலேத்மேரிதான் முதலில் அழுதாள், நாலு செம்பு, அஞ்சு செம்பு நான் ஊற்றினேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மெட்டில்டாவின் ஊர்விலக்கைத் தள்ளி, கோயில் வேலையைத் திரும்பக் கொடுத்து, கமிட்டி முத்திரை போட்டுக் கடிதம் எழுதிற்று. கித்தேரியம்மாளுக்கு, இனிமேல் மாதாவுக்குப் போர்வை சாத்த உரிமை இல்லை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல உரிமை இல்லை, தபசு காலம் முடிகிற வரைக்கும் கோயிலுக்கு வெளியே வாசலில் முழங்காலில் நின்று பூசை காணவேண்டும் என்று தீர்ப்பானது. வள்ளங்களில் படத்தைச் சுரண்டினார்கள். கொட்டகையைப் பிரித்த தகரத்தில் பாதியைக் காணோம். பாவம் மன்னிக்கப்பட்டாலும் அதற்குரிய தண்டனை மிச்சம் இருக்கும், அதை இங்கேயே தீர்த்தால் இங்கே, இல்லாவிட்டால் செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் என்று அவள்தானே பாடம் சொன்னாள். இங்கேயே ஆகட்டும் என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

உப்பளத்தில் பாத்தியிலிருந்து உப்பு வாரிக்கொண்டிருந்த மெட்டில்டா நிமிர்ந்து பார்த்தாள். கித்தேரியம்மாள் வரப்பில் நின்று கடிதத்தை நீட்டினாள், நீட்டின கையோடு உப்பில் முழங்காலிட்டு, செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மெட்டில்டா கடிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னைச் சொன்னதை நான் எப்பவோ விட்டுட்டேன், டீச்சர். வேலை செய்யுத உடம்பு, எங்கயும் செய்யும். எம் மவ கல்யாணம் உங்க வீட்டுப் பாயில வச்சு முறிஞ்சது. அவ குடிசையில இருக்கா. அவகிட்டப் போய்க் கேளுங்க."

குடிசை வாசலில் ஜெசிந்தா உப்பு மூட்டைக்குச் சணல் தைத்துக்கொண்டிருந்தாள். கித்தேரியம்மாள் அங்கேயும் முழங்காலிட்டு முழுசையும் சொன்னாள். ஜெசிந்தா ஊசியை நிறுத்தவில்லை. கேட்டு முடித்த பிறகு, பத்து வயசில் வரிசையில் உட்கார்ந்து கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"ஆண்டவர் உங்களை மன்னிச்சிட்டாரா, டீச்சர்?"

"மன்னிச்சிட்டாரு."

"அப்ப நான் மன்னிக்கலன்னா எனக்குப் பாவமா?"

இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பதில் கித்தேரியம்மாளின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் அந்தப் பிள்ளை பாவத்துக்குப் பயந்து அந்த நிமிஷமே மன்னித்துவிடும், இவள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பேரைத் திருடினது போதாதென்று மன்னிப்பையும் திருடுவதா என்று நினைத்தாள். நினைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். கித்தேரியம்மாள் பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"எங்கிட்டக் கேக்காத பிள்ள" என்றாள் கடைசியில். "அதுக்குப் பதில் சொல்லுத தகுதி எனக்கு இல்ல. உனக்கு எப்ப மனசு வருதோ அப்ப வரட்டும். வராட்டியும் சரி. நான் வந்துட்டுப் போறேன்."

ஜெசிந்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இன்னைக்கு வராது" என்றாள். "நாளைக்கு வருமான்னும் தெரியல."

"சரி" என்று கித்தேரியம்மாள் எழுந்து, முழங்காலில் ஒட்டின உப்பைத் தட்டாமலே நடந்து, அஞ்சு மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தாள். மறுநாள் காலையில் வாசலில் முழங்காலில் நின்று பூசை கண்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறினாள். எங்கே என்று கண்டக்டர் கேட்டான். நேற்றுப் போன இடத்துக்குத்தான், நாளைக்கும் வருவேன், இனிமேல் கேட்காமலே கிழித்துக் கொடு என்றாள்.